விருந்தாளியின் அறம்

முன்பனி, பின்பனி என்று ஆறு பெரும்பொழுதுகளையும் வரிசை பிறழாமல் ஒப்பிக்கத் தமிழ் மாணவன் கற்றுக்கொள்கிறான். ஆனால், அவன் பிறந்து வளரும் மலேசிய மண்ணில் பனிக்காலம் என்று ஒன்று இல்லை. மேலை நாட்டார் பனிக்கால விடுமுறையில் நகரை நீங்கி, நாட்டுப்புறத்து நண்பர் இல்லங்களில் கணப்பருகே அமர்ந்து பொழுது போக்குவர் என்று அவன் கதைகளில் படிக்கிறான். அதற்கு நிகராக இந்நாட்டில் இருப்பது ஆண்டு இறுதி விடுமுறையே. பல்லாண்டுக் காலம் நவம்பரில் பள்ளிக் கதவுகள் மூடப்பட்டு ஜனவரித் தொடக்கத்தில் திறக்கப்பட்டன. கொள்ளை நோய்க்குப் பின் சில ஆண்டுகள் அம்முறை மாறியிருந்து, 2026இல் பள்ளியாண்டு மீண்டும் ஜனவரிக்கே திரும்பியது.

இவ்விடுமுறை பனிக்கு மாறாக மழையைக் கொண்டுவருவது. கோலாலம்பூரிலும் பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் வாழ்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பலர் அம்மழை நாள்களில் பேருந்தேறித் தோட்டத்து நண்பர் வீடுகளுக்கும் உறவினர் வீடுகளுக்கும் சென்றனர். அவ்வாறு சென்று சேர்ந்த ஊர்களுள் பந்திங் ஒன்று. சிலாங்கூரின் தென்மேற்கில், லங்காட் ஆற்றின் அருகே அமைந்த கோல லங்காட் மாவட்டத்துப் பட்டணம் அது. அதைச் சூழ்ந்திருந்தவை ரப்பர்த் தோட்டங்களும், பின்னர் அவற்றின் இடத்தைப் பிடித்த செம்பனைத் தோட்டங்களும் ஆகும். மேற்கே கேரித்தீவு; அருகே ஜுக்ரா மலை; கடலோரத்தில் மோரிப். பட்டணத்துப் பிள்ளைக்கு இவை யாவும் இன்பத்தின் பெயர்களாகவே ஒலித்தன.

இவ்வின்பத்தைப் பற்றி ஒரு கேள்வி எழுப்ப இடமுண்டு. ஒருவர் உழைத்து வாழும் இடம் மற்றொருவருக்கு ஓய்விடமாகும்போது, ஓய்வு கொள்ள வந்தவர் அங்கு உழைப்பவருக்கு ஏதேனும் கடன்படுகிறாரா? கடன்படுகிறார் எனில், அக்கடனை எவ்வாறு தீர்ப்பது? விருந்தளிப்பவரின் அறத்தைப் பற்றித் தமிழில் பேசப்பட்டவை மிகப் பல. விருந்தாக வருபவரின் அறத்தைப் பற்றிப் பேசப்பட்டவை குறைவு. அக்குறையை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரே மழை, இரு பொருள்

முதலில் மழையையே எடுத்துக்கொள்வோம். பட்டணத்திலிருந்து வந்த சிறுவன் விடியற்காலையில் தகரக் கூரைமேல் மழை விழும் ஓசை கேட்டு விழிக்கிறான். போர்வையை இன்னும் இறுக இழுத்துக்கொள்கிறான். இத்தகைய ஓசை நகரத்து வீட்டில் இல்லையே என்று மகிழ்கிறான். அதே கூரையின்கீழ், சுவருக்கு அப்பால், அவன் நண்பனின் தாயும் அதே ஓசையைக் கேட்கிறாள். அவள் காதில் அது அன்றைய கூலி கரையும் ஓசையாக விழுகிறது.

ரப்பர் மரத்தின் இயல்பை அறிந்தோர்க்கு இது விளங்கும. பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருப்பது பொழுது புலரும் முன்னரே. வெயில் ஏற ஏறப் பால் ஓட்டம் குறையும். ஆதலால், நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு இருளிலேயே பால்காட்டுக்குள் நுழைய வேண்டியிருந்தது. மரப்பட்டை நனைந்துவிட்டால், வெட்டிய கோட்டின் வழியே ஒழுக வேண்டிய பால் கோட்டைவிட்டு நாற்புறமும் பரவிவிடும். மங்கில் சேர்ந்த பாலும் மழைநீரோடு கலந்து கெடும். எனவே, விடியற்கால மழை என்றால் வெட்டு இல்லை. வெட்டு இல்லை என்றால் நெடுங்காலம் தோட்டத்துத் தொழிலாளிக்கு அந்நாளின் வருவாயும் இல்லாமல் போயிற்று.

இயற்கை ஒன்றே, மழையும் ஒன்றே. அதைக் கேட்கும் இருவருள் ஒருவருக்கு அது கவிதை, மற்றவருக்கு அது கணக்கு. இவ்விருவரும் நண்பர்கள் என்பதுதான் இங்குக் கருதத்தக்கது. பகைவரிடையே இவ்வேறுபாடு இருந்தால் வியப்பில்லை. அன்பால் இணைந்து, ஒரே பாயில் அமர்ந்து, ஒரே பானைச் சோற்றை உண்ணும் இருவரிடையே இது இருக்கிறது. விருந்தாளி அதை அறியாமல் இருப்பதும் எளிது. விருந்தளிப்பவர் அதை மறைப்பதும் எளிது. அன்புடைய தாய், 'மழை விடட்டும் தம்பி, அப்புறம் ஆத்துப் பக்கம் போகலாம்' என்று சிரித்த முகத்தோடு சொல்வாளே அன்றி, மழையால் இழந்ததை அவனிடம் சொல்லமாட்டாள்.

ரப்பர் மரத்துக்கும் ஒரு பனிக்காலம் உண்டு என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. ஆண்டின் தொடக்க மாதங்களில் அது தன் இலைகளை உதிர்த்துத் தளிர் விடும். பனியே காணாத நாட்டில் ஐரோப்பியத் தோட்டத்துரைகள் அதற்கு 'விண்டரிங்' என்று பெயரிட்டனர். செந்நிறமாகி உதிரும் அவ்விலைகளைக் கண்டு வருவோர் வியந்து நிற்பர். அக்காலத்தில் பால் குறையும். காண்போர்க்கு எழிலாய் இருக்கும் அப்பருவம் வெட்டுவோர்க்கு வறட்சியாய் இருந்தது.

இரண்டு பிழைகள்

நாட்டுப்புறத்தை நாடிச் செல்லும் விருந்தாளி இரண்டு பிழைகளுள் ஒன்றில் விழக்கூடும். முதலாவது, வியப்பு என்னும் பிழை. காற்று தூயது, மக்கள் வெள்ளை உள்ளத்தினர், வாழ்க்கை எளியது, கவலை அற்றது என்று அவன் பாராட்டுகிறான். பாராட்டு தீயது அன்று. ஆனால், தான் சில நாள்களில் திரும்பிவிடலாம் என்னும் உறுதி உடையவனுக்கே எளிய வாழ்க்கை இத்துணை இனிமையாகத் தோன்றும். அவ்வெளிமையை விட்டுச் செல்ல வழியற்றவர்க்கு அதன் பெயர் வேறு.

இப்பிழையின் முழு வடிவத்தை வரலாறு ஓர் எடுத்துக்காட்டாக விட்டுச்சென்றுள்ளது. பிரான்சு நாட்டு அரசி மேரி அந்துவானெத், வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் 1783 முதற்கொண்டு ஒரு சிற்றூரை அமைப்பித்தாள். கூரை வேய்ந்த குடில்கள், பால்பண்ணை, ஆலை, குளம் ஆகிய யாவும் அங்கு இருந்தன. அரண்மனைச் சடங்குகளில் சலித்த அரசியும் தோழியரும் அங்குச் சென்று இளைப்பாறினர். உண்மையான சிற்றூர்களில் உழவர் பட்ட துயரோ சில ஆண்டுகளில், 1789இல், புரட்சியாய் வெடித்தது. சிற்றூரை விரும்பியது அரசியின் குற்றமன்று. சிற்றூரிலிருந்து உழைப்பையும் பசியையும் நீக்கிவிட்டு எழிலை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் எனக் கருதியதே குற்றம்.

இரண்டாவது, இரக்கம் என்னும் பிழை. முதல் பிழையை உணர்ந்தவன் பெரும்பாலும் இதில் விழுகிறான். லயத்து வீட்டின் சிறுமையைக் காண்கிறான். பொதுக் குழாயைக் காண்கிறான். நண்பனின் தந்தையின் காய்த்துப்போன கைகளைக் காண்கிறான். உள்ளம் உருகுகிறது. 'ஐயோ, எங்களுக்காக இவ்வளவு செலவு செய்கிறீர்களே' என்கிறான். தட்டில் இட்ட கோழிக்கறியைப் பிள்ளைகளுக்கு வைத்திருங்கள் என்று ஒதுக்குகிறான். அக்கணமே விருந்தளிப்பவர் விருந்தளிப்பவர் என்னும் நிலையிலிருந்து இறங்கி, இரக்கத்துக்கு உரியவர் ஆகிவிடுகிறார். ஓராண்டு வளர்த்த சேவலை அறுத்துக் குழம்பு வைத்த தாயின் பெருமிதம் அங்கே உடைகிறது.

வியப்பவன் உழைப்பைக் காண்பதில்லை. இரங்குபவன் உழைப்பவரின் பெருமையைக் காண்பதில்லை. ஒருவனுக்கு இடம் மட்டுமே தெரிகிறது. மற்றவனுக்கு வறுமை மட்டுமே தெரிகிறது. இருவருக்கும் தெரியாமற் போவது மனிதர். இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழி உண்டா என்பதே வினா.

நூல்கள் சொல்வதும் சொல்லாததும்

திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஒன்பதாம் அதிகாரத்தை ஒதுக்கினார். இல்வாழ்க்கையின் பயனே விருந்து பேணுதல் என்றார். அனிச்ச மலரை உவமையாக்கி, விருந்தினரின் உள்ளம் எத்துணை மென்மையானது என்று காட்டினார். பத்துக் குறளும் பேசுவது இல்லத்தாரை நோக்கியே. இல்லத்துக்கு வருபவன் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதற்குத் தனி அதிகாரம் இல்லை. பெரும்பாணாற்றுப்படையைப் பாடிய கடியலூர் உருத்திரங் கண்ணனார், இளந்திரையனை நாடிச் செல்லும் பாணனுக்கு வழியிலே எயினரும் ஆயரும் உழவரும் பிறரும் தத்தம் உணவை எவ்வாறு அளிப்பர் என்று விரித்துரைக்கிறார். கொடுக்கும் கைகளின் பெருமை அங்கு நிறைந்திருக்கிறது. கொள்ளும் கைகளின் கடமை பெரிதும் பேசப்படாமல் விடப்பட்டிருக்கிறது.

ஆயினும், வள்ளுவரிடமே ஒரு திறவுகோல் இருக்கிறது. நட்பைப் பற்றிய அதிகாரங்களின் வரிசையில் 'பழைமை' என்னும் எண்பத்தொன்றாம் அதிகாரம் உரிமையோடு பழகும் நண்பர்களைப் பற்றிப் பேசுகிறது. நீண்ட நட்பில் ஒருவர் மற்றவரைக் கேளாமலே செய்யும் செயலுக்கும் இடமுண்டு என்பது அதன் கருத்து. அவ்வாறாயின், நட்பில் உரிமை ஒருபுறத்துக்கு மட்டும் உரியதாக இருத்தல் இயலாது. நண்பனின் வீட்டில் உரிமையோடு உண்பவன், தன் வீட்டில் அதே உரிமையை நண்பனுக்கு வைத்திருத்தல் வேண்டும். விருந்தாளியின் அறம் விருந்தோம்பல் அதிகாரத்தில் இல்லை. நட்பின் அதிகாரங்களில் இருக்கிறது.

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் நட்பை மூவகையாகப் பிரித்தார். பயன் கருதிய நட்பு, இன்பம் கருதிய நட்பு, பண்பு கருதிய நட்பு என்பன அவை. முதல் இரண்டும் பயனோ இன்பமோ தீர்ந்ததும் தளர்ந்துவிடும் என்றார். ஒருவரையொருவர் அறியப் பலகாலம் கூடி உப்பை உண்ண வேண்டும் என்னும் பழமொழியையும் அவர் எடுத்தாண்டார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்னும் தமிழ்ப் பழமொழியோடு இதனை ஒப்புநோக்கலாம். கிரேக்கர் உப்பை அறிதலோடு இணைத்தனர். தமிழர் நினைதலோடு இணைத்தனர். விடுமுறை நட்பு இன்ப நட்பாகவே தொடங்குகிறது. அது பண்பு நட்பாக வளர்ந்ததா என்பதை விடுமுறை முடிந்த பின்னரே அறிய முடியும்.

விருந்தினரை ஏற்கும் உரிமை

இவ்விடத்தில் தோட்ட வரலாற்றிலிருந்து ஓர் உண்மையை எடுத்துரைத்தல் வேண்டும். 1941ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அப்போராட்டம் சிலாங்கூரின் பல பகுதிகளுக்கும் பரவிற்று. அதனை வழிநடத்தியோருள் முதன்மையானவர் ஆர். எச். நாதன். அவர் மே மாதத்தில் சிறைப்படுத்தப்பட்டுப் பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர்.

தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளைப் பலர் கூலி உயர்வு என்று மட்டும் எண்ணியிருக்கக்கூடும். கூலி அவற்றுள் ஒன்று. பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், வெள்ளையர் முன்னிலையில் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டிய இழிவை நீக்குதல் ஆகியனவும் அவற்றுள் இடம்பெற்றன. இவற்றோடு மற்றொன்றும் இருந்தது. உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோக உரிமை வேண்டும் என்பது அது.

இக்கோரிக்கையை நின்று நிதானித்து எண்ணிப் பார்த்தல் வேண்டும். தோட்டத்து நிலம் நிறுவனத்துக்கு உரியது. லயத்து வீடும் நிறுவனத்துக்கு உரியது. வேலை போனால் வீடும் போகும். அவ்வீட்டு வாசலில் யார் கால் வைக்கலாம் என்பதையும் துரையே முடிவு செய்வான் என்றால், அங்கு வாழ்பவன் வீட்டுக்காரன் அல்லன், அடைத்து வைக்கப்பட்டவன். ஒருவனை மனிதனாக்குவன பலவற்றுள், 'உள்ளே வாருங்கள்' என்று சொல்லும் உரிமையும் ஒன்று. அடிமைக்கு விருந்தினர் இல்லை. கூலியை உயர்த்திக் கேட்டவர்கள் அதே மூச்சில் நண்பனை வரவேற்கும் உரிமையையும் கேட்டனர் என்றால், விருந்தோம்பல் அவர்களுக்கு வெறும் வழக்கமாக இருக்கவில்லை, மானமாக இருந்தது.

இமானுவேல் காண்ட் என்னும் செருமானிய அறிஞர் 1795இல் எழுதிய 'நிலையான அமைதியை நோக்கி' என்னும் நூலில், வந்துபோகும் உரிமை எல்லா மனிதருக்கும் உண்டு என்றும், தங்கி விருந்துண்ணும் உரிமைக்குத் தனி இசைவு வேண்டும் என்றும் வேறுபடுத்தினார். அவர் எண்ணிப் பார்த்தது வருபவனின் உரிமையை. தோட்டத்துத் தமிழர் எழுப்பியது வரவேற்பவனின் உரிமையை. தத்துவ அறிஞர் காணாத பக்கத்தைப் பால்வெட்டும் மக்கள் கண்டனர் என்று கூறினால் அது மிகையாகாது.

இவ்வரலாற்றை அறிந்த பின், விருந்தாளியின் நிலை தெளிவாகிறது. பிற்காலத்தில் பந்திங் பேருந்து நிலையத்தில் இறங்கிச் சேற்றுப் பாதையில் நடந்து லயத்துக்குள் நுழைந்த பட்டணத்துச் சிறுவன், தன்னையறியாமலே ஓர் உரிமையின் பயனை நுகர்ந்தான். அவன் அங்கு உண்ட ஒவ்வொரு கவளமும், தமக்கென ஒரு சாண் நிலமும் இல்லாதவர்கள் தம்மை வீட்டுக்காரர் என்று நிலைநாட்டிக்கொண்ட செயல். அதனை இரக்கத்தால் மறுப்பது, போராடிப் பெற்ற ஒன்றை அவர்களிடமிருந்து பறிப்பதாகும். ஆதலின், விருந்தாளியின் முதற்கடமை மனமுவந்து ஏற்றல்.

ஏற்றலுக்குப் பின்

ஏற்றல் முதற்கடமை, அதுவே முடிந்த கடமை அன்று. ஏற்றுக்கொண்டு மறந்துவிடுபவன் இன்ப நட்போடு நின்றுவிடுகிறான். அவன் செய்யத்தக்கவை மூன்று.

முதலாவது, இடத்தின் காலத்தோடு இயைதல். தோட்டத்துக்கு ஒரு காலம் உண்டு. இருளில் பெரட்டுக்குச் செல்லும் காலம், நிறை முடித்துப் பால் எடுக்கும் காலம், பிற்பகலில் உடல் சாயும் காலம் என்று அது வகுக்கப்பட்டிருந்தது. செம்பனைக்கும் அதற்குரிய காலம் உண்டு; அறுத்த குலை நெடுநேரம் கிடந்தால் எண்ணெயின் தரம் கெடும் என்பதால், அதை விரைந்து ஆலைக்கு அனுப்பியாக வேண்டும். விருந்தாளி நள்ளிரவு வரை பேசிச் சிரித்தால், விடியுமுன் எழ வேண்டியவரின் உறக்கத்தை உண்கிறான். உணவை ஏற்பது பண்பு. உறக்கத்தை எடுப்பது பண்பன்று.

இரண்டாவது, கை கொடுத்தல். பணம் கொடுத்தால் விருந்து வாணிகமாகிவிடும். ஒன்றும் கொடாமலிருந்தால் சுமையாகிவிடும். இவ்விரண்டுக்கும் இடையே உள்ளது உழைப்பு. ஒட்டுப்பால் பொறுக்கலாம், தண்ணீர் எடுக்கலாம், வீட்டுச் சிறுவர்க்குக் கணக்குச் சொல்லித் தரலாம். இவற்றால் விளையும் பயன் சிறிது. ஆனால், உளியைப் பிடித்துப் பார்த்தவனே மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டையை மட்டும் சீவும் கைத்திறனை அறிவான். தோளில் காண்டாக் கம்பைத் தூக்கியவனே இரு வாளிப் பாலின் எடையை அறிவான். அதை அறிந்தவனிடம் வியப்பு மதிப்பாக மாறும். இரக்கமும் மதிப்பாக மாறும். மேலே கூறிய இரு பிழைகளுக்கும் மருந்து இதுவே.

மூன்றாவது, கதவைத் திறந்து வைத்தல். விருந்துக்குக் கைம்மாறு விருந்தே. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்தது. மேற்படிப்புக்குப் பட்டணத்துக்குச் செல்ல வேண்டும். தொலைவும் பேருந்துக் கட்டணமும் எத்தனையோ பிள்ளைகளின் படிப்பை அங்கேயே நிறுத்தின. அந்நாளில் பிரிக்பீல்ட்சிலோ கிள்ளானிலோ இருந்த ஒரு சிறிய அரசாங்கக் குடியிருப்பின் கூடத்தில் தோட்டத்து நண்பனுக்கு ஒரு பாய் விரிக்கப்பட்டிருந்தால், அதுவே அவன் வாழ்வின் திருப்பமாக அமைந்திருக்கும். பட்டணத்தார்க்கு விடுமுறை என்பது இன்பம். தோட்டத்துப் பிள்ளைக்குப் பட்டணத்தில் தங்குதல் என்பது எதிர்காலம். முன்னதைப் பெற்றவர் பின்னதைத் தர மறுத்தால், அவர் ஏற்றது விருந்தன்று. பறித்தது என்று சொல்லத் தகும்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். 'அன்பில் கணக்குப் பார்க்கலாமா? கொடுத்ததும் கொண்டதும் எழுதி வைத்தால் அது கடைப்பற்று ஆகாதோ?' என்று சிலர் வினவுவர். மறுப்பில் உண்மை உண்டு. விருந்தளித்தவர் கணக்குப் பார்த்தால் விருந்து கெடும். ஆனால், விருந்துண்டவர் நினைவில் வைத்தல் கணக்கு அன்று, அது நன்றி. கொடுத்தவர் மறப்பதும் கொண்டவர் மறவாமையும் சேர்ந்தே நட்பு ஆகின்றன. கொடுத்தவர் மறந்துவிட்டார் என்பதைச் சாக்காகக் கொண்டு கொண்டவரும் மறந்துவிடலாகாது.

மற்றொரு மறுப்பும் உண்டு. 'பத்து வயதுச் சிறுவன்மீது இத்தனை கடமைகளைச் சுமத்தினால் அவன் ஆற்றில் குளிப்பது எப்போது?' என்பர். அவன் குளிக்கட்டும், மீன் பிடிக்கட்டும், மோரிப் கடற்கரையில் ஓடியாடட்டும். இன்பம் குற்றமன்று. கடமை என்பது இன்பத்துக்கு வரி விதிப்பதன்று; கண்ணைத் திறந்து வைத்திருப்பது. கண் திறந்திருப்பவனின் இன்பம் குறைவதில்லை, ஆழ்கிறது.

ஓய்வும் ஓர் உரிமை

ஓய்வு எவ்வாறு பங்கிடப்பட்டது என்பதையும் கருதுதல் தகும். ஊதியத்தோடு கூடிய விடுமுறைக்கான உடன்படிக்கையை அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 1936இல் ஏற்றது. அது ஆலைகளையும் வணிக நிலையங்களையும் கருதியது. வேளாண்மைத் தொழிலாளர்க்கும் தோட்டத் தொழிலாளர்க்குமான உடன்படிக்கை 1952இல்தான் வந்தது. இடையே, 1948இல், ஓய்வும் ஊதியத்தோடு கூடிய விடுமுறையும் மனித உரிமை என்று ஐக்கிய நாட்டு மன்றத்தின் உலகப் பறைசாற்றம் தன் இருபத்து நான்காம் விதியில் அறிவித்திருந்தது. நகரத்தான் ஓய்வு கொள்ள நாட்டுப்புறத்துக்குச் சென்றான். நாட்டுப்புறத்தானுக்கு ஓய்வு வந்து சேர மேலும் பதினாறாண்டுகள் பிடித்தன. ஓய்விடமாகக் கருதப்பட்ட இடத்துக்கே ஓய்வு கடைசியாக வந்தது என்பது எண்ணத்தக்க முரண்.

இன்று நாட்டுப்புற விருந்து ஒரு தொழிலாகவும் ஆகியுள்ளது. 1995இல் பகாங் மாநிலத்துத் தெமெர்லோவில் தொடங்கிய 'ஹோம்ஸ்டே' திட்டம் மலேசியக் கம்பங்கள் பலவற்றுக்குப் பரவிற்று. பந்திங் பக்கத்துக் கஞ்சோங் டாராட் கம்பத்திலும் அவ்வாறு தங்கலாம். கட்டணம் பெற்று விருந்தளிப்பதை இழிவாகக் கருத வேண்டியதில்லை. அங்கு உழைப்புக்கு விலை உண்டு. இரு தரப்பாரும் தம் எல்லையை அறிவர். ஒருவகையில் அது நேர்மையானது. ஆனால், கட்டணம் செலுத்தியவனின் கடன் அத்தோடு தீர்ந்துவிடுகிறது. நண்பனின் வீட்டில் தங்கியவனின் கடன் தீர்வதில்லை. தீராத கடன் உள்ள இடத்தில்தான் உறவு தொடர்கிறது.

இன்றைய விருந்தளிப்பவர் யார்?

பந்திங் வட்டாரத்தில் லயங்கள் பல இன்று இல்லை. ரப்பர் செம்பனைக்கு இடம் தந்தது. தோட்டங்கள் பலவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. அண்டையிலுள்ள சிப்பாங்கில் 1998இல் அனைத்துலக வானூர்தி நிலையம் திறக்கப்பட்டது. தோட்டத்தைவிட்டு வெளியேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்குமாடிகளில் வாழ்கின்றனர். ஆண்டு இறுதியில் அவர்கள் செல்லத் தாத்தாவின் தோட்டம் இல்லை. விருந்துண்ட வீடே மறைந்த பின் விருந்தாளியின் கடன் என்ன ஆயிற்று?

கடன் மறையவில்லை, கைமாறியுள்ளது. கேரித்தீவின் செம்பனைக் காடுகளில் இன்றும் மனிதர் உழைக்கின்றனர். இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்தோர் இந்நாட்டுத் தோட்டங்களில் குலை அறுக்கின்றனர். உதிரிப் பழம் பொறுக்குகின்றனர். அவர்களும் தமக்குச் சொந்தமல்லாத வீட்டில், தமக்குச் சொந்தமல்லாத நிலத்தில் வாழ்கின்றனர். அதே தீவில், தோட்டங்கள் தோன்றுமுன்னரே அக்கடலோரங்களைத் தம் இருப்பிடமாகக் கொண்டிருந்த மா மெரிப் பழங்குடியினரும் வாழ்கின்றனர். அவர்கள் செதுக்கும் மரச் சிற்பங்களைக் காணச் சுற்றுலாப் பயணியர் வருகின்றனர். தோட்டத்துத் தமிழரே ஒருகாலத்தில் அம்மண்ணுக்கு வந்த விருந்தாளிகள் என்பதை இத்தீவு நினைவூட்டுகிறது.

கேரித்தீவுக்கு வார இறுதியில் கடலுணவு உண்ணச் செல்லும் தமிழ்க் குடும்பம், சாலையோரத்தில் மிதிவண்டியில் செல்லும் அயல்நாட்டுத் தொழிலாளியை எவ்வாறு நோக்குகிறது? தன் பாட்டனைக் காண்பது போலவா, காட்சியின் ஒரு பகுதியைக் காண்பது போலவா? 1941இல் மிதிவண்டியிலிருந்து இறங்க மறுத்தவர்களின் வழித்தோன்றல்கள் இக்கேள்விக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள். நன்றி என்பது கொடுத்தவருக்கே திருப்பித் தரப்பட வேண்டும் என்பதில்லை. கொடுத்தவர் நின்ற இடத்தில் இன்று நிற்பவருக்குத் தரப்படும்போதும் அது நன்றியே.

கட்டுரை நோட்டுப் புத்தகம்

இவ்வறத்தைப் பயிற்றும் வாய்ப்பு தமிழாசிரியரின் கையிலேயே இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறந்ததும், விடுமுறையைக் கழித்த விதம் பற்றிக் கட்டுரை எழுதுமாறு மாணவரைப் பணிப்பது வழக்கம். மாணவனும் கதிரவன் எழுந்ததையும், பறவைகள் கூவியதையும், ஆறு சலசலத்ததையும் மனப்பாடமான தொடர்களில் எழுதித் தருகிறான். கட்டுரையின் இறுதியில் 'அந்நாள் என் வாழ்வில் மறக்க முடியாத நாள்' என்று முடிக்கிறான். மறக்க முடியாத அந்நாளில் சோறு சமைத்தவர் யார் என்பது கட்டுரையில் இல்லை. அவர் எத்தனை மணிக்கு எழுந்தார் என்பதும் இல்லை. அவர் பெயரும் இல்லை.

அம்மாணவனிடம் ஆசிரியர் ஒரேயொரு வினாவைக் கூடுதலாகக் கேட்கலாம்: 'நீ தங்கிய வீட்டார் அன்று என்ன வேலை செய்தனர்?' விடை தெரிந்த மாணவன் எழுதுவான். தெரியாத மாணவன் அடுத்த விடுமுறையில் பார்ப்பான். சொல்லழகுக்கு அளிக்கும் மதிப்பெண்களுள் சிலவற்றை இவ்விடைக்கு ஒதுக்கினாலும் தவறில்லை. பிறர் வீட்டில் கண்ணைத் திறந்திருக்கப் பழகியவன், பின்னாளில் தன் வீட்டுக் கதவையும் திறந்து வைப்பான். விருந்தளிக்க மட்டுமே கற்றுத்தந்த சமுதாயம், விருந்தாகச் செல்லவும் தன் பிள்ளைகளுக்குக் கற்றுத்தருதல் வேண்டும்.